தீப்பெட்டி போனும் நாற்பத்தெட்டு கோட்டும்

மதிப்பும் அன்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அத்தை, கடையில் இருக்கும் மூன்று தையல் மெஷின்களில் இரண்டு, எல்லோரும் சுகம். மூன்றாவது மெஷினுக்கு பெல்ட் தளர்ந்துவிட்டது, அதுவும் இந்த வாரத்தில் தேறிவிடும். அங்கே நீங்களும் மகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது. ஏனென்றால் மகள் என்னோடு பேசி இன்றோடு பன்னிரண்டு நாள். போன் செய்தால் எடுப்பதில்லை. தப்பித்தவறி எடுத்தாலும் "வேலையா இருக்கேம்ப்பா" என்று வைத்துவிடுகிறாள். அத்தைக்கும் அதே பதில்தான். பதினாறு வயதில் அவளுடைய நீலப் பாவாடையை நான் ஒரு அங்குலம் இறக்கித் தைத்துவிட்டேன் என்று ஒன்பது நாள் பேசாமல் இருந்தாள். அதுதான் இதுவரை அவளுடைய உச்சம். இப்போது அதையும் தாண்டிவிட்டாள். கடையில் உட்கார்ந்தால் ஊசியில் நூல் கோக்கக் கை ஓடவில்லை மாப்பிள்ளை. அவள் ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று இருக்கிறது.

காரணம் எனக்குத் தெரியும். போன வாரம் நீங்களே என்னிடம் பேசும்போது, பாதியை விழுங்கினாற்போல, "மாமா, நீங்க அந்தப் பெரிய போன்லயே பாத்திருக்கலாம்" என்றீர்கள். மேற்கொண்டு கேட்டதற்கு "நான் எதுவும் சொல்லக்கூடாதுன்னு உத்தரவு" என்று சிரித்து மழுப்பினீர்கள். நான் நாற்பது வருஷமாக மனிதர்களின் முதுகைப் பார்த்தே குணம் சொல்பவன், எனக்கா புரியாது! நீங்கள் இருவரும் ஆசை ஆசையாக வாங்கித் தந்த போனை நான் பெட்டியில் வைத்துவிட்டு, இந்தச் சுண்டைக்காய் போனுக்கு மாறியதுதான் மகளுக்குக் கோபம். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டுவிட்டாள். அப்படியெல்லாம் இல்லவே இல்லை என்று நீங்கள்தான் அவளுக்கு எடுத்துச் சொல்லவேண்டும். அதற்குத்தான் நடந்தது முழுவதையும் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். இதைப் போனிலேயே எழுதி அனுப்பலாமே என்று கேட்பீர்கள். அதில் ஒரு வரி அடிப்பதற்குள் எனக்கு ஒரு முழு பேன்ட்டுக்கு ஓரம் அடித்துவிட முடியும், ஆகவே காகிதம்.

முதலில் பெரிய போனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அது ராஜா போன்தான், ஆனால் ராஜாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நடக்க முடியும்? சட்டை ஒரு பக்கமாகத் தொங்கியது. ஊருக்கெல்லாம் தோள் சமமாக இருக்கவேண்டும் என்று உபதேசம் செய்கிற தையல்காரன் கோணல் தோளோடு நின்றால் யார் துணி கொடுப்பார்கள்? பேன்ட் பின்பையில் வைத்தேன், மெஷினில் உட்கார முடியவில்லை. முன்பையில் வைத்தேன், வெட்டு மேசையில் குனிந்தால் இடுப்பில் குத்தியது. மேசையிலேயே வைத்தேன், அங்கேதான் வினையே. அவ்வளவு பெரிய திரை, அவ்வளவு வெளிச்சம், எங்கோ ஒருவர் காலர் வெட்டுவது எப்படி என்று காட்டுகிறார், அது முடிந்தால் இன்னொருவர் கதவு செய்கிறார், அதுவும் முடிந்தால் யாரோ யானையைக் குளிப்பாட்டுகிறார். அந்த யானை குளித்து முடிப்பதற்குள் நான் ஒரு வங்கி அதிகாரியின் பேன்ட்டை முழங்காலுக்கு மேலே வெட்டிவிட்டேன். அவர் வந்து எடுத்துப் பார்த்துவிட்டு, "நான் நீச்சலுக்குக் கேக்கலையே" என்றார். உங்கள் அத்தை அன்று சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. உங்கள் வீட்டில் இப்போது இருக்கும் பேசாத வியாதி அத்தையிடமிருந்து வந்ததுதான்.

இந்த நிலைமையில்தான் தெருமுனை ரிப்பேர் கடைக்காரர் மேசை இழுப்பறையிலிருந்து எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். துணியில் கோடு போடும் சாக்குக்கட்டி என்று நினைத்தேன். "போன் சார் இது. பேசலாம், படம் எடுக்கலாம், மெசேஜ் வரும், வழி காட்டும், பெரிசு செய்றதெல்லாம் செய்யும்" என்றார். மாப்பிள்ளை, எனக்குத் தலைகால் புரியவில்லை! இரண்டு விரல் அகலம், ஒரு விரல் நீளம். சட்டைப்பையில் போட்டால் சட்டைக்கே தெரியாது. கழுத்தில் தொங்கும் அளவு டேப்போடு சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம். பாபின் டப்பாவுக்குள் மூடி போட்டு வைக்கலாம், வைத்தும் பார்த்தேன். அத்தை பார்த்ததும் "என்னங்க, தீப்பெட்டி வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள், அன்றிலிருந்து அதற்குப் பெயர் தீப்பெட்டி. எல்லாவற்றையும்விட பெரிய லாபம் என்ன தெரியுமா? அதில் யானையைப் பார்த்தால் எறும்பு மாதிரி இருக்கிறது. இரண்டு நிமிஷம் பார்ப்பதற்குள் கண் கெஞ்சும், கீழே வைத்துவிடுவேன், கை தானாக மெஷினுக்குப் போய்விடும். இந்த ஒரு மாதத்தில் ஒரு பேன்ட்டையும் நான் நீச்சலுக்கு அனுப்பவில்லை.

கஷ்டமே இல்லையா என்றால் உண்டு, உங்களிடம் மறைப்பானேன். என் விரலை வைத்தால் ஒரே சமயத்தில் நாலு எழுத்து உட்காருகிறது. நூல் வியாபாரிக்குப் போன் போட்டால் பல் டாக்டருக்குப் போகிறது. கறுப்பு நூல் இரண்டு டஜன் கேட்டேன், "பல் கறுத்திருந்தா நேர்ல வாங்க" என்றார். எழுத்தைப் படிக்க, துணியில் இழை எண்ணுகிற லென்ஸைத்தான் பிடித்துக்கொள்கிறேன். காதில் வைத்தால் வாய் வெகுதூரத்தில் இருக்கிறது, வாயில் வைத்தால் காது கேட்பதில்லை. ஆகவே கையை முகத்தில் ஏற்றி இறக்கிக்கொண்டே பேசவேண்டியிருக்கிறது. போன் உள்ளங்கையில் மறைந்துபோவதால் பார்ப்பவர்களுக்கு என் கையில் எதுவும் இருப்பதாகத் தெரிவதில்லை. கடை வாசலில் நின்று லைனிங் துணிக்காரரைக் கோபமாகத் திட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு அம்மா தைக்கக் கொண்டுவந்த துணியை மார்போடு அணைத்துக்கொண்டு எதிர் நடைபாதைக்குப் போய்விட்டார். இதெல்லாம் சில்லறைக் கஷ்டம். இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

எங்கள் நகர வாத்தியக் குழுவில் நாற்பத்தெட்டு பேர். எல்லோருக்கும் புதுக் கோட்டு தைக்க ஆள் தேடினார்கள். இந்த வேலை கிடைத்தால் கடை நிமிர்ந்துவிடும், கிடைக்காவிட்டால் நானும் அத்தையும் கடைத்தெருவில் இருக்கும் பெரிய துணிக்கடையின் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து, யாரோ தைத்த பேன்ட்டுக்குக் கால் மடித்துக்கொண்டு காலம் தள்ளவேண்டியதுதான். ஆகவே மாதிரிக் கோட்டு ஒன்றை உயிரைக் கொடுத்துத் தைத்தேன். குழுத் தலைவரின் அளவுக்கு. அவர்தான் முன்னால் நின்று கோல் அசைப்பவர், பெரிய மனிதர். கையைத் தூக்கினால் எந்தக் கோட்டும் அவருக்கு அக்குளில் இழுக்கும், அதனால் மூன்று தையல்காரர்களைத் திருப்பி அனுப்பியவர். நான் தோளை இரண்டு முறை பிரித்து, கையைச் சற்று முன்னால் தள்ளி வைத்துத் தைத்தேன். அதோடு விட்டேனா! தீப்பெட்டி தந்த உற்சாகத்தில், கோட்டின் உள்பக்கம், இடது மார்பில், சின்ன போனுக்கென்றே ஒரு சின்னப் பாக்கெட் வைத்தேன். உலகத்தில் எந்தத் தையல்காரனும் செய்யாதது என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். அளவு சரிதானா என்று பார்க்கத் தீப்பெட்டியை அதில் நுழைத்தேன். விரலுக்கு மோதிரம் போட்டதுபோல் போய் உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்து நூல் வியாபாரி வாசலில் வந்து, "ரெண்டு டஜன் நூல் பல் டாக்டர்கிட்ட கேட்டீங்களாமே" என்று கூப்பிட்டார். எழுந்து போனேன்.

மாப்பிள்ளை, உங்களுக்குத் தெரிந்திருக்கும், புதுக் கோட்டின் பாக்கெட் வாயையெல்லாம் நாங்கள் ஓட்டுத் தையல் போட்டு மூடித்தான் கொடுப்போம். கை விட்டுக் கை விட்டுத் தொங்கிப்போகாமல் கோட்டு வடிவமாக நிற்கவேண்டும் என்பதற்காக. சொந்தக்காரர் கையில் போனபிறகு அவர் நூலை வெட்டிக்கொள்வார். அந்தக் கடைசி வேலை எப்போதும் அத்தையுடையது. நான் வாசலில் நின்று பேசிவிட்டுத் திரும்புவதற்குள் அவள் ஐந்து பாக்கெட்டையும் தைத்து மூடி, ஈரத் துணி போட்டு இஸ்திரி செய்து, காகிதத்தில் சுற்றியும் வைத்துவிட்டாள். நானும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, குழுவின் அரங்கத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கே செயலாளர் அம்மா, "மத்தியானம் ஒத்திகையில போட்டுப் பாப்பாரு. நாலு மணிக்குள்ள முடிவை உங்களுக்குப் போன்ல சொல்றேன்" என்றார்கள். "போன் கையிலயே இருக்கும்மா" என்று மார்பைத் தட்டிச் சொல்லிவிட்டு வந்தேன்.

கடைக்கு வந்து பையில் கைவிட்டால் தீப்பெட்டி இல்லை. மணி இரண்டு. பெரிய போனாக இருந்தால் நாற்காலிக்கு அடியில் கிடந்தாலும் கண்ணில் படும், இதை எங்கே என்று தேடுவது? வெட்டுத் துணி மூட்டை இரண்டையும் கொட்டினோம். பட்டன் டப்பா பதினேழையும் கவிழ்த்தோம். இப்போது கறுப்புப் பட்டனும் பழுப்புப் பட்டனும் ஒன்றாகக் கலந்து உறவாகிவிட்டன, பிரித்தெடுக்க ஒரு வாரமாகும். அத்தை தன்னுடைய பட்டன் போனிலிருந்து தீப்பெட்டிக்கு அடித்தாள். மணி போகிறது, கடையில் சத்தமில்லை. மெஷின் இரைச்சலில் மணி கேட்காது என்று நான் அதை எப்போதும் அதிர்வில்தான் வைத்திருப்பேன், அதனால் "பேசாம இருங்க, மூச்சு விடாதீங்க" என்று தரையில் காதை வைத்துப் படுத்தாள். மறுபடி அடித்தாள். பதினோரு தரம் அடித்தாள்.

அரங்கத்தில் அதே நேரம் நடந்ததை அப்புறம் அவர்களே சொல்லித் தெரிந்துகொண்டேன். தலைவர் கோட்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கி, மிகவும் மெதுவான ஒரு ராகத்தை நடத்திக்கொண்டிருந்திருக்கிறார். திடீரென்று இடது மார்பில் குறுகுறுவென்று ஒரு நடுக்கம். கை நின்றுவிட்டது. நடுக்கமும் நின்றுவிட்டது. சரியென்று கோலைத் தூக்கினார், மறுபடி நடுக்கம். மூன்றாவது தரம் வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை, "என்னை உக்கார வைங்க" என்றாராம். நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்கவைத்தார்கள். புல்லாங்குழல் வாசிக்கிற அம்மா பகலில் மருத்துவமனையில் நர்ஸ். அவர் மார்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "நாடி நல்லாத்தான் இருக்கு. ஆனா நெஞ்சு மட்டும் தனியா அதிருது. விட்டு விட்டு அதிருது. இருபது வருஷத்துல நான் இப்படிப் பாத்ததே இல்லை" என்றிருக்கிறார். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு, தன் கோலை யாருக்குக் கொடுக்கவேண்டும் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். இரண்டாவது வயலின்காரர் தன் பெயரைத்தான் சொல்வார் என்று பக்கத்தில் வந்து நின்றாராம்.

இங்கே பதினோராவது தரம் அடித்துவிட்டு அத்தை எழுந்து உட்கார்ந்தாள். முகம் வெளுத்துவிட்டது. "ஏங்க, அந்தச் சின்னப் பாக்கெட்டு தைக்கிறப்ப உள்ள ஏதோ கெட்டியா இருந்துச்சு. நீங்க விறைப்புக்குக் கேன்வாஸ் துணியை ரெட்டையா வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றாள். நான் தையல் பிரிக்கும் முள்ளை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை மாப்பிள்ளை, இந்த வயதில் ஓடினேன்!

அரங்கத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைகிறேன், தலைவர் படுத்திருக்கிறார், சுற்றிலும் நாற்பத்தேழு பேர். செயலாளர் அம்மா கையில் போனோடு, "அந்தக் கோட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லிடறேன், இன்னைக்கு முடிவு இல்லன்னு" என்று எண்ணை அழுத்துகிறார்கள். "ஐயோ, மறுபடியும்!" என்று தலைவர் நெஞ்சைப் பிடிக்கிறார். அவர்கள் பயந்து போனை நிறுத்துகிறார்கள், அவருக்கும் நின்றுவிடுகிறது. "இப்ப பரவாயில்லையா சார்? அப்ப சொல்லிடறேன்" என்று திரும்ப அழுத்துகிறார்கள், அவர் திரும்ப அலறுகிறார். நான் வாசலிலிருந்தே, "அம்மா, போனை வைங்க! வெச்சா அவருக்கு நின்னுடும்!" என்று கத்தினேன். கையில் கூரான முள், மூச்சு வாங்குகிறது, தலையெல்லாம் நூல். பெரிய டிரம் வாசிக்கிறவர் டிரம்மைத் தூக்கிக்கொண்டு எனக்குக் குறுக்கே வந்து நின்றார். அவரைச் சுற்றிக்கொண்டு போய், படுத்திருந்தவரின் கோட்டைத் திறந்து, நாலு தையலை வெட்டி, இரண்டு விரலால் தீப்பெட்டியை வெளியே எடுத்தேன். அது என் கையில் அதிர்ந்துகொண்டிருந்தது. செயலாளர் அம்மா குனிந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு அந்தத் திரையைப் பார்த்து, "இது என் நம்பர்" என்றார்கள்.

முதலில் சிரித்தது டிரம்காரர். பிறகு நர்ஸ் அம்மா. தலைவர் சிரிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்தார், முகம் சிவந்திருந்தது. நாற்பத்தெட்டு கோட்டும் மாடிப்படிக்குக் கீழே போவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றேன். "மன்னிச்சிடுங்க சார், பாக்கெட்டைத் தைச்சு மூடறது எங்க வழக்கம்" என்று குழறினேன். அவர் கையை மெதுவாகத் தூக்கினார், அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். இன்னொரு கையையும் தூக்கினார். இரண்டையும் பக்கவாட்டில் விரித்தார், சுழற்றினார். "யோவ், ரெண்டு மணி நேரம் இதைப் போட்டுக்கிட்டுக் கையைத் தூக்கினேன். இழுக்கவே இல்லையே! உள்ள ஒரு போன் இருந்திருக்கு, எனக்குக் கனமும் தெரியல, வெளியில புடைக்கவும் இல்ல" என்றார். பிறகு செயலாளர் அம்மாவைப் பார்த்து, "நாப்பத்தெட்டும் இவருக்கே குடுங்க. ஆனா ஒரு நிபந்தனை. பாக்கெட்டைத் தைச்சு மூடறதுக்கு முன்னாடி உள்ள யாராவது இருக்காங்களான்னு பாக்கச் சொல்லுங்க" என்றார். மாப்பிள்ளை, நான் அங்கேயே அழுதுவிட்டேன், சொல்வதில் வெட்கமில்லை.

இப்போது நீங்களே சொல்லுங்கள். உங்கள் பெரிய போன் அந்தக் கோட்டுக்குள் இருந்திருந்தால் கோட்டு தரையைக் கூட்டியிருக்கும், வேலையும் போயிருக்கும். சின்னதாக இருந்ததால் அல்லவா கடை பிழைத்தது! இதை மகளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். அப்பா உன்னை மதிக்காமல் போனை மாற்றவில்லை, தோள் கோணாமல் இருக்கத்தான் மாற்றினார் என்று சொல்லுங்கள். அவள் கோபம் தணிவதற்கு அடையாளமாகப் பெரிய போனைப் புத்தம் புதிதாகத் துடைத்து, நல்ல லைனிங் துணியில் சுற்றி, இந்தக் கடிதத்தோடு பார்சலில் அனுப்புகிறேன். உங்களில் யாருக்காவது உபயோகமாகட்டும். இன்னும் கேட்டால் நீங்கள் இருவருமே ஆளுக்கொரு தீப்பெட்டி வாங்கிக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். உலகத்தில் பார்க்கவேண்டியது எதுவானாலும் இரண்டு விரல் அகலத்தில் அடங்கிவிடும், அதற்கு மேல் பார்ப்பதெல்லாம் வீண்.

உங்கள் வீட்டில் எந்தத் துணியும் கிழியாமல், எந்தப் பட்டனும் தெறிக்காமல், இருவரும் நூறு வருஷம் ஒரே அளவில் இருக்கவேண்டும் என்று நானும் அத்தையும் வாழ்த்துகிறோம். மகளிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். ஒரு நிமிஷம் போதும், பேசச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதியது அத்தனையும் கோடு போட்டு அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். பார்சல் கட்டும்போது அத்தை, "திருப்பிக் குடுக்கறதுக்கு முன்னாடி உள்ள இருக்கறதை அழிச்சுக் குடுங்க" என்றாள். சார்ஜ் போட்டுத் திறந்தேன். இரண்டு போனுக்கும் ஒரே கணக்கு என்று ரிப்பேர் கடைக்காரர் இணைத்து வைத்திருந்தாராம், ஒரு மாதத்து மெசேஜும் அதிலும் வந்து விழுந்தது. பன்னிரண்டு நாளுக்கு முன்னால் மகள் அனுப்பிய படமும் இருந்தது. கண்ணாடி முன் நின்று ஏதோ ஒரு துணியை விரித்துப் பிடித்திருக்கிறாள். கீழே, "அப்பா, நானே தைச்சது. என்னன்னு சொல்லுங்க. அம்மாவுக்கும் காட்டுங்க" என்று எழுதியிருக்கிறாள். அத்தைக்கு அன்றே தீப்பெட்டியில் காட்டினேன். "கொசு மாதிரி இருக்கு, நீங்களே பாத்து ஏதாவது சொல்லுங்க" என்றாள். நான் கால் மணி நேரம் லென்ஸைப் பிடித்துக்கொண்டு பதில் அடித்தேன். அந்தப் பதிலும் படத்துக்குக் கீழேயே இருக்கிறது: "கைக்குட்டை பரவாயில்லை. ஓரம் கோணல். பிரித்துவிட்டு முதலிலிருந்து தைக்கவும்."

மாப்பிள்ளை, பெரிய திரையில் அது கைக்குட்டை இல்லை. சட்டை. என் உள்ளங்கை அகலத்தில் ஒரு சட்டை. இரண்டு கை, ஒரு காலர், மூன்று பட்டன். அதைப் போட்டுக்கொள்கிற அளவில் உங்கள் வீட்டில் இப்போது யாரும் இல்லை. நாற்பது வருஷமாகத் துணி வெட்டுகிறவன், தாத்தா ஆகப்போகிறேன் என்று என் மகள் தைத்துக் காட்டியதைப் பிரிக்கச் சொல்லியிருக்கிறேன். அத்தை படத்தைப் பார்த்து அழுதாள், அழுதுகொண்டே அளவு டேப்பால் என்னை அடித்தாள், பிறகு படத்தை இன்னும் பெரிதாக்கச் சொன்னாள். பெரிய போன் பார்சலில் வராது. தீப்பெட்டியை வேண்டுமானால் அனுப்பிவைக்கிறேன், ஆணி அடிக்க உதவும். வாத்தியக் குழு ஒரு வாரம் கோட்டில்லாமல் வாசிக்கட்டும். நாளைக் காலைப் பஸ்ஸில் நாங்கள் இருவரும் அங்கே வருகிறோம், இந்தக் கடிதத்தையும் தபாலில் போடாமல் நானே கையில் கொண்டுவந்து தருகிறேன். அவள் கதவைத் திறக்காவிட்டால் நீங்கள் திறங்கள்.

சட்டை பிரமாதம். இடது கை மட்டும் ஒரு நூல் நீளம் அதிகம். அதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.